டீச்சரிடம் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாம் வகுப்பு. எப்போதும் முதல் ஆளாகக் கையைத் தூக்கும் பையன் அன்று சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தான். நெற்றியைத் தொட்டால் அனலாகக் கொதிக்கிறது. "எப்படா காய்ச்சல் வந்துச்சு?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "நேத்து ராத்திரியே டீச்சர். காலைல அம்மா மருந்து குடுத்தாங்க. டீச்சர்கிட்ட சொல்லாதன்னாங்க" என்றான்.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். உபயோகத்தில் இல்லை. அடுத்த எண் அவன் அப்பாவுடையது, அவரோ வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் அங்கிருந்து தன் தங்கைக்குப் பேசி, தங்கை வயல் வரப்பில் நடந்து போய் அண்ணியிடம் சொல்லி, அம்மா வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. அதுவரை ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி அவனை மடியில் வைத்திருந்தேன்.

அந்த அம்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆனால் காலையில் வாசலில் நின்று, "டீச்சர், ராத்திரி காய்ச்சல் இருந்துச்சு, மருந்து குடுத்திருக்கேன், நான் மேலத்தெரு வேலையில இருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். 22 ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தில் பாதிக்கு மேல், வீட்டுக்குத் தெரிந்த விஷயம் பள்ளிக்குத் தெரியாமல் போவதில்தான் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், பள்ளியில் நடப்பது வீட்டுக்குத் தெரியாமல் போவதில்.

போன் நம்பரில் இருந்தே ஆரம்பிக்கலாம். புது சிம் வாங்கினால் எல்லா உறவுக்காரர்களுக்கும் சொல்கிறோம், பள்ளிக்கு மட்டும் விட்டுப்போகிறது. ஜூன் மாதம் சேர்க்கையின்போது கொடுத்த எண்ணே ஐந்தாம் வகுப்பு வரை பதிவேட்டில் கிடக்கும். இரண்டு எண் கொடுங்கள். அதில் ஒன்று, கூப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் நேரில் வந்து நிற்கக்கூடியவருடையதாக இருக்கட்டும். பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. பிள்ளைக்கும் ஒரு எண்ணைப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்யச் சொல்லிக்கொடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால் அது முடியும்.

காய்ச்சலும் அம்மையும்

காலை எட்டு மணிக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் அதன் வேலை நாலு முதல் ஆறு மணி நேரம். இறைவணக்கத்தில் நன்றாக நிற்கும் பிள்ளை, சத்துணவு நேரத்தில் துவண்டுபோவது இதனால்தான். மருந்தே கொடுக்காமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

டெங்கு காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, அதாவது மூன்றாவது நாளில் இருந்து ஏழாவது நாளுக்குள். "காய்ச்சல் விட்டுடுச்சு, ஸ்கூலுக்குப் போ" என்று நாம் சொல்லும் அதே நாள்! வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை சோர்ந்து சோர்ந்து தூங்குவது, இதில் எது தெரிந்தாலும் பள்ளியை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ நீங்களாகக் கொடுக்கக் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கிவிடும்.

அப்புறம், அம்மை. நம் ஊரில் "அம்மா வந்திருக்காங்க" என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்பதும் வெளியாட்களை உள்ளே விடாததும் நல்ல பழக்கம், நோய் பரவாமல் இருக்க உதவுகிறது. தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதை வைத்து நாளைக் கணக்கிட்டு அனுப்பிவிடுவது. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை சின்னம்மை ஒட்டும். தண்ணீர் ஊற்றிய பிறகும் முதுகிலோ தலைமுடிக்குள்ளோ நீர் கோத்த கொப்புளம் இருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள். இரண்டாவது, வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று பள்ளிக்குச் சொல்லாமலே விடுவது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடுகிறது, ஆகவே வகுப்பில் யாருக்காவது ஏற்கனவே ஒட்டியிருக்கலாம். முன்பு அம்மை வராத கர்ப்பிணி ஆசிரியை இருந்தால் அது வயிற்றுப் பிள்ளை வரைக்கும் பாதிக்கும். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தை இருந்தால் உயிருக்கே ஆபத்து. "அம்மா வந்திருக்காங்க" என்ற அதே சொல்லில் சொன்னால் போதும், எங்களுக்குப் புரியும். அம்மைக் காய்ச்சலுக்கும் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பொன்னுக்கு வீங்கி வந்தால் வீக்கம் தொடங்கியதில் இருந்து ஐந்து நாள் வீட்டில் வைத்திருங்கள். மெட்ராஸ் ஐ வந்த பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்புவதால் பயனில்லை. பார்ப்பதால் அது பரவுவதில்லை, கண்ணைக் கசக்கிய கை தொடுகிற பென்சிலிலும் துண்டிலும்தான் பரவுகிறது. பேனுக்காக மட்டும் யாரும் லீவு போட வேண்டாம்.

மறைத்து வைக்கும் நோய்கள்

வலிப்பும் வீசிங்கும் இருப்பதைச் சேர்க்கையின்போது சொல்லாத வீடுகள் நிறைய. இடம் தர மாட்டார்களோ, மற்ற பிள்ளைகள் ஒதுக்குவார்களோ, பெண் பிள்ளையாச்சே என்றெல்லாம் பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று வலிப்பு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் நின்றுவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நிற்பதால் சாவிக்கு அந்தப் பெயர் கிடைத்துவிட்டது. செய்ய வேண்டியது வேறு: பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், வாயில் கரண்டியோ தண்ணீரோ எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆசிரியர் இதைக் கற்று வைத்திருப்பார். தனியாக அழைத்துச் சொல்லுங்கள், போதும். எந்த மருந்து, எத்தனை வேளை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் வேண்டுமென்றே பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் வீடுகளும் உண்டு. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி நாடு முழுக்க 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். சிலருக்கு லேசாகக் குமட்டல், வயிற்று வலி வரும். வயிற்றில் பூச்சி அதிகம் உள்ள பிள்ளைக்கே அது பெரும்பாலும் வருகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியவை இரண்டு: மாத்திரையை முழுங்காமல் நன்றாகக் கடித்து மென்று தின்ன வேண்டும், அன்று உடம்பு சரியில்லாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. காய்ச்சலை மறைத்து அனுப்பினால் இரண்டாவது எங்களுக்கு எப்படித் தெரியும்? விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுப்பார்கள். ஐந்து முதல் ஆறு வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊக்க ஊசியும் பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் மறந்துபோகிற ஒன்று. தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

"ஒண்ணாங்கிளாஸ்தானே, ரெண்டு நாள் போனா என்ன?"

கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள். மாதத்துக்கு இரண்டே நாள் லீவு என்றால் பத்து மாதத்தில் 20 நாள், பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. மாமா வீட்டுக் கல்யாணம், குலதெய்வம் கோயில், திருவிழா முடிந்த மறுநாள் அசதி, திங்கட்கிழமை ஊரில் இருந்து பஸ் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். கூட்டிப் பார்க்கும்போதுதான் திகைப்பாக இருக்கும்.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போடுவதில்லை என்பதால் வருகை முக்கியமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்று நாள் வராத பிள்ளை திரும்பி வரும்போது, கூட இருந்தவர்கள் 'ஔ' வரிசையை முடித்திருப்பார்கள். அவள் கேட்க மாட்டாள், பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். எழுத்து அழகாக இருக்கும், வாசிக்கத் தெரியாது. நாலாம் வகுப்பு வரை அப்படியே வந்துவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

லீவு எடுத்தால் காரணத்தை அன்றைக்கே சொல்லுங்கள். வருகையை இப்போது செயலியில் ஏற்றுகிறோம். காரணம் தெரியாமல் பல நாள் விடுபட்டால் பிள்ளை இடைநின்றுவிட்டதாகக் கணக்காகும் நிலை வரும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் முதலிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். போகிற ஊர்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம், டி.சி. கையில் இல்லை என்பதைக் காட்டி அங்கே மறுக்க முடியாது.

தாமதமாக வருவதிலும் ஒரு இழப்பு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. கிச்சடியும் பொங்கலும் வகுப்பு தொடங்கும் முன் பரிமாறப்படும். ஒன்பதரைக்கு ஓடி வரும் பிள்ளைக்கு அது இல்லை, மதியம் வரை காலி வயிறுதான்.

வாசலுக்கு வெளியே

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்தாள். 2012 ஜூலையில், தாம்பரம் அருகே. அதற்குப் பிறகு அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. வேன் கட்டணம் எவ்வளவு என்று விசாரிக்கும் நாம், ஒரு நாள் உள்ளே ஏறித் தரையையும் கதவுத் தாழ்ப்பாளையும் பார்ப்பதில்லை. ஏறிப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்: வேனுக்கு முன்னாலோ அடியிலோ எது விழுந்தாலும் குனிந்து எடுக்கக் கூடாது. குனிந்த பிள்ளை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பென்சில் பாக்ஸ் போனால் போகட்டும், அதற்காகத் திட்ட மாட்டேன் என்று நீங்கள் வாயால் சொல்லியிருக்க வேண்டும். திட்டு விழும் என்ற பயத்தில்தான் அது குனிகிறது.

பைக்கில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டி வருவதும் ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகளை ஏற்றுவதும் தினமும் நடக்கிறது. நாலு வயதுக்கு மேல் இருந்தால் பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். சாயங்காலம் யார் அழைத்துப் போவார் என்பதில் மாற்றம் இருந்தால் ஒரு போன் செய்துவிடுங்கள். "நான் அவங்க சித்தப்பா" என்று வந்து நிற்பவரிடம் நான் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடியும் மௌனமும்

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்." அன்போடுதான் சொல்கிறார்கள், எங்கள் மேல் உள்ள நம்பிக்கையில். ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பக்கத்தில் நின்று அதைக் கேட்கும் பிள்ளை, பள்ளியில் யார் அடித்தாலும் வீட்டில் சொல்லிப் பயனில்லை என்று புரிந்துகொள்கிறது. அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

கட்டடத்தைப் பற்றியும் கேளுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையலறைக் கூரையில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. படித்த குழந்தை கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. ஓட்டை மூடி, தொங்கும் ஒயர், பூட்டியே கிடக்கும் இரண்டாவது கதவு, இவை பெற்றோர் கண்ணில்தான் முதலில் படும். அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்துக்கு வந்து, மூடி உடைந்திருக்கிறது என்று சொல்லித் தீர்மான நோட்டில் எழுத வைத்துவிட்டுப் போங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417.

பிள்ளை ஒரு நாள் "வேன் அண்ணன் என்னைத் தொடுறாரு" என்றோ, காரணம் சொல்லாமல் "ஸ்கூலுக்குப் போக மாட்டேன்" என்றோ அழுதால் அதட்டாதீர்கள். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம், பள்ளிக்கும் அது பொருந்தும். பேர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்த நேரமும் அடிக்கலாம், காசு கிடையாது.