"வயிற்றுவலி மாத்திரை" என்று கேட்காதீர்கள்: மாதவிடாய் வலிக்கு மாத்திரை போடுவதில் நடக்கும் தவறுகள்

மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் பல வருடங்களாக நிற்கிறேன். சாயங்காலம் காலேஜ் பஸ் வந்து நின்றதும் ஒரு பெண் கடைக்கு வருவாள். ஆண்கள் யாராவது நின்றால் ஓரமாக ஒதுங்கி, போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நிற்பாள். கூட்டம் கலைந்த பிறகு கிட்டே வந்து, "அக்கா, வயித்துவலிக்கு ஒரு மாத்திரை" என்பாள். முகத்தைப் பார்த்தாலே எந்த வலி என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் நான் இல்லாத நேரத்தில் வந்தால் கடைப் பையன் என்ன எடுத்துக் கொடுப்பான்? வயிற்றுவலி என்றால் அவனுக்கு அசிடிட்டி, கேஸ். அதற்குரிய மாத்திரையைத்தான் கொடுப்பான். அந்தப் பெண் அதைப் போட்டுவிட்டு இரவெல்லாம் சுருண்டு கிடப்பாள். "மாத்திரை எனக்குக் கேட்கவே மாட்டேங்குது" என்று நினைத்துக்கொள்வாள்.

என் அனுபவத்தில் முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாதவிடாய் வலி வேறு, வயிற்றுவலி வேறு. "பீரியட்ஸ் வலிக்கு மாத்திரை வேண்டும்" என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் போனில் டைப் பண்ணிக் காட்டுங்கள். அதோடு வீசிங் உண்டா, அல்சர் உண்டா, இப்போது காய்ச்சல் இருக்கிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடையில் பார்மசிஸ்ட் யார் என்று கேட்டு அவரிடமே பேசுவது இன்னும் நல்லது. அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

"பொறுத்துப் பார், முடியலைன்னா போடு"

அம்மாக்கள் நல்லெண்ணத்தோடு சொல்வது இது. ஆனால் இந்த வலிக்கு இது தலைகீழான யோசனை.

மாதவிடாய் தொடங்கும்போது கர்ப்பப்பையின் உள்படலம் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது. அப்படி இறுகும்போது அங்கே போகும் ரத்தக் குழாய்களும் நெரிபட்டு, தசைக்கு ரத்தம் குறைகிறது. அந்தத் தவிப்புதான் வலி. இதே பொருள் பக்கத்தில் இருக்கும் குடலையும் கிளறிவிடும். முதல் நாளில் பலருக்கு வயிறு கழிவதும் குமட்டுவதும் இதனால்தான். நீங்கள் சாப்பிட்ட எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்க வேண்டாம்.

இபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சன் ஆகிய மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் காட்டினார். அந்தத் துறையில் செய்த பணிக்காக 1982இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மாத்திரை தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயை அடைப்பது மாதிரி. தொட்டியில் ஏற்கெனவே நிறைந்த தண்ணீரை இறைக்காது. ஐந்து மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, கடைசியில் போடும் மாத்திரை தோற்றுப் போவதற்குக் காரணம் அதுதான்.

அதனால் வலி லேசாகத் தலைகாட்டும்போதோ, உதிரம் பட்டது தெரிந்த உடனேயோ முதல் மாத்திரையைப் போடுங்கள். அடுத்ததை வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல் சொன்ன இடைவெளியில் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்று, இரண்டு நாள் இப்படிப் போட்டால் போதும். மூன்று நாளைத் தாண்டக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. போட்ட அரை மணியில் வலி போகவில்லை என்று இரண்டாவதைப் போட்டுக்கொள்பவர்கள் நிறைய. இபுபுரூஃபென் வேலையைத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். மெஃபனமிக் ஆசிட் ரத்தத்தில் உச்ச அளவைத் தொட 2 முதல் 4 மணி நேரம் எடுக்கும். அந்த இடைவெளியைக் கடக்க சூடான தண்ணீர் பையை அடிவயிற்றில் வையுங்கள். இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், தொடர்ந்து மிதமான சூடு கொடுத்தது இபுபுரூஃபெனுக்கு இணையாக வலியைக் குறைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நிவாரணம் சீக்கிரம் கிடைத்தது. பை கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது, துணி சுற்றி வையுங்கள், அவ்வளவுதான்.

வெறும் வயிறு, வறண்ட உடம்பு

காலையில் கிளம்பும் அவசரத்தில் ஒரு டம்ளர் டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது எங்கும் நடக்கிறது. கர்ப்பப்பையைப் படுத்துகிற அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. மாத்திரைக்கு இடம் பார்த்துத் தடுக்கத் தெரியாது, இரண்டு இடத்திலும் தடுக்கும். எரிச்சல், புளித்த ஏப்பம், சிலருக்குப் புண்வரை கொண்டுபோய்விடும். இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர்சாதம், ஒரு டம்ளர் பால், எதுவும் இறங்கவில்லை என்றால் கஞ்சியாவது குடித்துவிட்டுப் போடுங்கள். சாப்பிட்டால் எரிச்சல் குறையும். ஏற்கெனவே அல்சர் உள்ளவர்களுக்கு அது மட்டும் போதாது, அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த வகை மாத்திரையைத் தொடவே கூடாது.

தண்ணீர் விஷயம் என்னை மிகவும் வருத்துகிற ஒன்று. பள்ளியிலும் வேலையிடத்திலும் கழிவறை சரியில்லை என்பதால் மாதவிடாய் நாட்களில் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டால் உடம்பு இன்னும் வறண்டுவிடும். அந்த நிலையில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடக்கூடும். மாத்திரை போடும் நாளில் தண்ணீர், மோர், இளநீர் என்று எதையாவது குடித்துக்கொண்டே இருங்கள்.

வெவ்வேறு பெயர், ஒரே மருந்து

மெஃப்டால் ஸ்பாஸ் கேட்கவில்லை என்று மதியம் காம்பிஃப்ளாம், அதுவும் கேட்கவில்லை என்று இரவு புரூஃபென். மூன்று வேறு வேறு மருந்து போட்டதாகத்தான் அவர்கள் நினைப்பார்கள். அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. இருக்கிறது. காம்பிஃப்ளாமில் இபுபுரூஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. புரூஃபென் என்பது இபுபுரூஃபெனேதான். மெஃபனமிக் ஆசிடும் இபுபுரூஃபெனும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டையும் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து மட்டும் கூடும். ஒரு நேரத்தில் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான்.

பாராசிட்டமால் வேறு குடும்பம். டோலோ 650 என்று நம் வீடுகளில் எப்போதும் இருப்பது அதுதான். மாதவிடாய் வலிக்கு அது மற்றவற்றைவிடச் சற்றுப் பலம் குறைந்தது, ஆனால் இரைப்பைக்கு இதமானது. இபுபுரூஃபென் போட்டும் முழுசாக அடங்காத நாளில் இடையில் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எண்ணிக்கை முக்கியம். பெரியவர்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4,000 மி.கி. தாண்டக் கூடாது, மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் அதைவிடக் குறைவுதான். காம்பிஃப்ளாமிலும், சைக்ளோபாமிலும், பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அளவு கேட்பவர்களுக்கு: இபுபுரூஃபென் என்றால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 400 மி.கி., ஆறு முதல் எட்டு மணி இடைவெளியில், நாளொன்றுக்கு 1,200 மி.கி.க்குள். மெஃபனமிக் ஆசிட் நம் நாட்டில் சட்டப்படி டாக்டர் சீட்டோடு விற்க வேண்டிய ஷெட்யூல் எச் மருந்து. எல்லாக் கடையிலும் சும்மா கிடைக்கிறது என்பதற்காக அது மிட்டாய் ஆகிவிடாது. ஒருமுறை டாக்டரைப் பார்த்து உங்களுக்கு எது, எத்தனை என்று எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு மாதாமாதம் குழப்பமில்லை. வயதுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைக்கு அம்மாவின் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. ஆஸ்பிரின் பதினாறு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பெரியவர்களுக்கும் அது உதிரப்போக்கைக் கூட்டிவிடலாம்.

ஸ்பாஸ் மாத்திரைகளில் இருக்கும் டைசைக்ளோமின் வாயை உலர்த்தும், கண்ணை மங்கலாக்கும், தலை சுற்ற வைக்கும். முதல் தடவை போடும் நாளில் ஸ்கூட்டி எடுக்காதீர்கள்.

போடவே கூடாதவர்கள்

வீசிங் இருப்பவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்றவை மூச்சுத் திணறலைக் கிளப்பிவிடும். சிறுநீரக நோய், இதய நோய் இருப்பவர்களும், பிபி மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்டே போட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் நான் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கிற கேள்வி: காய்ச்சல் இருக்கிறதா? நம் ஊரில் அது டெங்கு காலம். டெங்குவில், ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) குறையும். அந்த நேரத்தில் இபுபுரூஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதைப் போட்டாலும் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மாதவிடாயும் அதே நாட்களில் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். காய்ச்சலும் வலியும் சேர்ந்து வந்தால் ரத்தப் பரிசோதனை முடியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

நாள் தள்ளிப் போயிருக்கிறதா? மாத்திரைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்குங்கள். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாகக் கடும் வலி, கொஞ்சம் உதிரம், தலைசுற்றல் என்றால் கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டிரெஸ் என்ற கடுமையான ஒவ்வாமையை அது உண்டாக்கக்கூடும் என்பதுதான் செய்தி. அந்த வாரம் கடைக்கு வந்தவர்கள் பயந்துபோய் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். இது மிக அரிது. ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள், அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பயந்து போடாமல் இருப்பதும் தவறுதான்

"மாத்திரை போட்டுப் பழகினா பிள்ளை தங்காது" என்ற பேச்சை எத்தனை முறை கேட்டிருப்பேன்! மாதத்தில் இரண்டு மூன்று நாள், சரியான அளவில் போடும் இந்த மாத்திரைகளால் மலட்டுத்தன்மை வராது. பழக்க அடிமையும் ஆக மாட்டீர்கள். கருமுட்டை வெளிவரும் நாட்களில் தொடர்ந்து போட்டால் அது வெளிவருவது தள்ளிப்போகலாம் என்பது உண்மை. அதனால் குழந்தைக்கு முயல்பவர்கள் மாதத்தின் நடுவில் முட்டிவலி, தலைவலி என்று இவற்றைத் தொடர்ந்து போடும்முன் டாக்டரைக் கேட்கட்டும். மாதவிடாய் நாட்களில் போடுவது அந்தக் கணக்கில் வராது. பெருங்காய மோர், வெந்தயம், சுக்குக் காப்பி எல்லாம் இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். வலி தாங்காதபோது அவற்றைக் காரணம் காட்டி ஒரு பெண்ணுக்கு மாத்திரையை மறுக்காதீர்கள்.

சரி, இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மூன்று மாதம் வலி அடங்கவில்லை என்றால்? முன்னே இல்லாத வலி இருபத்தைந்து, முப்பது வயதில் புதிதாக வந்தால்? வருடா வருடம் கூடிக்கொண்டே போனால், உறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலித்தால், மாதவிடாய் முடிந்த பிறகும் நீடித்தால்? இவை எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அந்தத் திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), கர்ப்பப்பைக் கட்டி போன்றவற்றின் அடையாளமாக இருக்கலாம். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலருக்கு அதைக் கண்டுபிடிக்கவே வருடக்கணக்கில் ஆகிறது.

எங்கள் கடைக்கு ஓர் ஆசிரியை வருவார். முதலில் மாதம் ஆறு மாத்திரை, பிறகு ஓர் அட்டை, பிறகு இரண்டு அட்டை. நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அது என் தவறு. ஒருநாள் கேட்டேவிட்டேன், "டீச்சர், இதை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று. "பீரியட்ஸ் வலிக்குப் போய் டாக்டரா?" என்றார். அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், அதாவது எண்டோமெட்ரியோசிஸால் வரும் பழைய ரத்தம் நிறைந்த கட்டி, இருந்தது. இப்போது இரண்டாவது அட்டை கேட்பவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும் கொடுத்து, வலி தொடங்கிய தேதி, எத்தனை மாத்திரை, எந்த இடத்தில் வலி, எத்தனை நாள் என்று நான்கு வரி எழுதச் சொல்கிறேன். அதை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொல்கிறேன்.