பொம்மை வீடு கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொம்மை வீட்டு மினியேச்சரைச் சொப்புச் சாமானின் வசதியான அக்கா என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. ஆனால் இது விளையாட்டுச் சாமான் இல்லை, நிஜ வீட்டை அளவு பிசகாமல் சுருக்கிச் செய்யும் வேலை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மனின் பொம்மை வீடு இருக்கிறது. சுமார் 1686இலிருந்து 1710 வரை பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. குழந்தைகள் அதில் கை வைத்திருக்கவே முடியாது. பணக்கார வீட்டு அம்மாள் விருந்தாளிகளுக்குத் திறந்து காட்டிய அலமாரி அது. புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான் 1924இல் முடிந்த ராணி மேரியின் பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். விண்ட்சர் கோட்டையில் இருக்கும் அந்த வீட்டில் குழாய், விளக்கு, லிஃப்ட் எல்லாம் வேலை செய்யும்படி அமைத்தார்கள். அதைவிடப் பெரிய சாதனை, உள்ளே இருக்கும் சாமான்கள் ஒரே அளவு விகிதத்துக்குக் கட்டுப்பட்டிருப்பது.

பெரும்பாலான சறுக்கல் அந்த விகிதத்தில்தான். அதிகம் புழங்குவது 1:12, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். ஆனால் கடையில் 1:24 சாமானும், ஏறக்குறைய 1:6 அளவிலான பார்பி சாமானும் ‘மினியேச்சர்’ என்ற ஒரே பெயரில்தான் கிடைக்கும். படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. நிஜ நாற்காலியில் உட்காரும் பலகை பதினெட்டு அங்குல உயரத்தில் இருந்தால், 1:12இல் அது ஒன்றரை அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டால் தீர்ந்தது.

பலரும் கோட்டை விடுவது துணியின் தடிமனில். அரை மில்லிமீட்டர் துணியைத் திரையாகத் தொங்கவிட்டால், அந்த வீட்டு ஆளுக்கு அது ஆறு மில்லிமீட்டர் கனம். திரை இல்லை, ஜமுக்காளம். எடை பிரச்சினையும் சேர்கிறது. நீளம், அகலம், கனம் மூன்றும் பன்னிரண்டில் ஒரு பங்கானால் எடை 1,728இல் ஒரு பங்காகிவிடும். அதனால் துணி தானாக மடிந்து விழாது, விறைத்துக்கொண்டு நிற்கும். நைந்த பழைய வேட்டித் துணி இதற்கு அருமையாக அமையும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, பாலித்தீன் விரித்த தெர்மாகோல் மேல் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். 1940களில் குற்ற விசாரணைப் பயிற்சிக்காகக் குட்டி அறைகள் செய்த அமெரிக்கரான ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ, பொம்மைகளின் காலுறையைக் குண்டூசிகளை வைத்தே பின்னினார். மரத்துக்கும் இதே கணக்குதான்: பெரிய ரேகை ஓடும் மரத்தில் மேசை செய்தால் பலகை மாதிரித்தான் இருக்கும். பளபள வார்னிஷும் வேண்டாம்.

அடுத்து, அவசரம். சுவரையெல்லாம் ஒட்டி முடித்த பிறகு விளக்குக்கான ஒயர் எங்கே போகும் என்று தேடுவார்கள். முதலில் பசையில்லாமல் வீட்டைப் பொருத்திப் பாருங்கள். அப்புறம் ஒயர், பெயின்ட், சுவர்த்தாள். பொம்மை வீட்டு விளக்குகள் பெரும்பாலும் 12 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரும் அதற்குப் பொருந்த வேண்டும். வெளிச்சத்துக்கு சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் நார்சிசா தோர்னின் 68 குட்டி அறைகளைப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மறைந்திருக்கும் விளக்கிலிருந்து பகல் வெளிச்சம் உள்ளே விழும். என்னைக் கேட்டால், கூரையில் ஐந்து சரவிளக்கு மாட்டுவதைவிட இதுவே மேல்.

ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூ வேண்டாம், ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

கடைசியாக, பழைய பொம்மை வீடு கையில் கிடைத்தால் உடனே உப்புத்தாளைத் தூக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் வரும் தூள் நஞ்சு. தவிர, முதலில் ஒட்டிய சுவர்த்தாள் கிழிந்திருந்தாலும் சேகரிப்பவர்கள் மதிப்பது அதைத்தான். புதுத் தாள் வேண்டுமென்றே தோன்றினால், அட்டையில் ஒட்டிச் சுவருக்கு முன்னால் செருகிவையுங்கள். வேண்டாமென்றால் உருவிக்கொள்ளலாம்.