அடிமட்டமும் ஐந்து படங்களும்: வன்னியிலிருந்து சூரியனின் சுழற்சியை அளக்கும் முறை

மாரி காலத்தில் வன்னியில் சூரியனைக் காண்பதே அரிது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, காலபோக வயல்களில் வெள்ளம் நிற்கும் நாட்களில் சூரியனை ஆராயலாம் என்று சொன்னால் எவரும் சிரிப்பார்கள். ஆயினும் கிளிநொச்சிக்கு அருகே தரம் 11 மாணவர் சிலருடன் சேர்ந்து, வானம் முழுவதும் மூடியிருந்த ஒரு வாரத்திலேயே, சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எத்தனை நாள் எடுக்கிறது என்பதை நான் அளந்திருக்கிறேன். முகிலுக்கு மேலே நின்று சூரியனை ஓயாமல் படமெடுக்கும் விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைப்பதால்தான் அது கைகூடியது. தேவையானவை ஒரு கைத்தொலைபேசி, சிறிதளவு டேட்டா, அச்செடுத்துத் தரும் ஒரு கடை, அடிமட்டம், சைன் பொத்தான் உள்ள கணிப்பான் ஆகியவை மட்டுமே.

வெறுங்கண்ணாலோ, எக்ஸ்ரே படச்சுருள் வழியாகவோ சூரியனைப் பார்க்க வேண்டாம். 2019 டிசம்பர் 26 அன்று வட இலங்கையில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது பலரும் கையில் கிடைத்ததை எல்லாம் கண்முன் பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் விழித்திரையைக் கெடுக்கும்.

முதலாம் படி: படங்களைத் தெரிவு செய்தல்

நாசா 2010 பெப்ரவரி 11 அன்று ஏவிய சூரிய இயக்கவியல் அவதான நிலையத்தின், அதாவது எஸ்டிஓ செய்மதியின் இணையத்தளத்துக்குச் செல்லுங்கள். இச்செய்மதி ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் பூமியைச் சுற்றிவருகிறது. பூமிக்கு 15 இலட்சம் கிலோமீற்றர் அப்பாலிருந்து சூரியனை நோக்கும் சோஹோ செய்மதி (1995), ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டெம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 ஆகியவையும் உள்ளன. எனினும் தொடக்கநிலையினருக்கு எஸ்டிஓவின் படங்களே வசதியானவை. அங்கே சூரியனின் வடக்கு எப்போதும் மேற்பக்கத்தில் இருக்கும், பழைய படங்களையும் திகதி குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அத்தளத்தில் பொன்னிறமும் பச்சையும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும் படங்கள் முதலில் தோன்றும். அவற்றுள் 171 அங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் எடுக்கப்பட்டது ஏறத்தாழ ஆறு இலட்சம் பாகை வெப்பமுள்ள சூரிய ஒளிவட்டத்தை, அதாவது சூரியனின் வெளிப்புற வளிமண்டலத்தைக் காட்டுகிறது. அந்தக் கழியூதா ஒளியை நமது வளிமண்டலம் முற்றாக உறிஞ்சிவிடுவதால், எத்தனை பெரிய தொலைநோக்கியைத் தரையில் நிறுத்தினாலும் அப்படத்தை எடுக்க முடியாது. விண்வெளிக்குப் போக வேண்டியிருந்ததற்கு அதுவே முதன்மையான காரணம். நமது அளவீட்டுக்கோ அவ்வளவு பகட்டு வேண்டியதில்லை. அதே செய்மதியிலுள்ள எச்எம்ஐ என்னும் கருவி எடுத்த, சூரியனை வெறும் செம்மஞ்சள் வட்டமாகவும் அதன்மேல் கறுத்த சூரியப் புள்ளிகளைச் சிறு பொட்டுகளாகவும் காட்டும் படமே போதும். இவ்வகைப் படத்தைத் தரையிலிருந்தும் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் முகிலின்றித் தொடர்ந்து ஆறு நாள் வேண்டுமே.

1024 பிக்சல் அளவுள்ள படங்களை, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குரியனவாக, ஐந்து அல்லது ஆறு நாட்களுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரிலேயே திகதியும் நேரமும் இருக்கும். அது உலகப் பொது நேரம். 00:00 என்றிருந்தால் நமக்குக் காலை 5:30. மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டிய சில வாரங்களில் பூமியே நாள்தோறும் சிறிது நேரம் செய்மதிக்கும் சூரியனுக்கும் குறுக்கே வந்துவிடுவதால், சில படங்கள் முற்றிலும் கறுப்பாக இருக்கக்கூடும். அது உங்கள் தொலைபேசியின் பழுதன்று.

இரண்டாம் படி: புள்ளியைத் தெரிவு செய்தல்

பொறுமையாகச் செய்யவேண்டிய வேலை இதுதான். சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ் வெப்பமுடையது. வலிமையான காந்தப்புலம் உள்ளிருந்து வெப்பம் மேலெழுவதைத் தடுக்கும் இடங்கள் அதைவிடக் குளிர்ந்து கறுப்பாகத் தெரிகின்றன. சில நாட்களுக்குள் இவை வளர்ந்து, பிளந்து, மறைந்துவிடுவதும் உண்டு. 2024 மே மாதத்தில் பெரும் காந்தப்புயலை உண்டாக்கிய 13664 என்ற எண்ணுடைய புள்ளித்தொகுதியைப் பலரும் உடனே தெரிவு செய்வார்கள். பூமியைப் போல் பதினைந்து மடங்கு அகலத்துக்குப் பரந்த அது பார்க்கப் பிரமிப்பூட்டும் என்றாலும், நாளுக்கு நாள் உருமாறியதால் அதன் நடுவிடம் எது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. வட்டமான, தனித்த, சலனமற்ற புள்ளி ஒன்றையே எடுங்கள். அது இடது ஓரத்திலிருந்து வலப்பக்கமாக நகர்வதைக் காண்பீர்கள்.

மூன்றாம் படி: அச்செடுத்து அளத்தல்

ஒவ்வொரு படத்தையும் ஒரே அளவில் அச்செடுங்கள். எங்கள் முதல் முயற்சி இங்கேதான் கெட்டது. கடையில் தாள் நிறையும்படி படத்தை இழுத்து அச்சிட்டுத் தந்திருந்தார்கள். சூரியன் கோழிமுட்டையாகியிருந்ததை வீட்டுக்கு வந்து அளந்தபோதுதான் கண்டோம். ஆகவே காசு கொடுக்கும் முன், வட்டத்தின் குறுக்களவும் நெடுக்களவும் சமமா என்று அங்கேயே அடிமட்டம் வைத்துப் பாருங்கள்.

வட்டத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு வரையுங்கள். அடுத்து, புள்ளியின் ஊடாக இடமிருந்து வலமாக ஒரு கோட்டை வட்டத்தின் இரு விளிம்புகளையும் தொடும்படி வரையுங்கள். சாதாரண தரக் கணிதத்தில் நாண் என்று படித்தோமே, அதுதான். நாணின் பாதி நீளத்தையும், நடுக்கோட்டிலிருந்து புள்ளிக்குள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கணித்தல்

மில்லிமீற்றரில் அளந்த தூரத்தை அப்படியே வைத்து வேகம் கணிக்கக்கூடாது. சூரியன் ஒரு கோளம். விளிம்பருகே மேற்பரப்பு நம்மை விட்டு வளைந்து செல்வதால், அங்கே புள்ளி மெதுவாக நகர்வதுபோலத் தோன்றும். இப்புள்ளிகள் சூரியனைச் சுற்றும் சிறு கோள்கள் என்று கலீலியோ காலத்து ஜெர்மனிய வானியலாளர் ஷைனர் முதலில் வாதிட்டபோது, அவை சூரியனிலேயே உள்ளவை என்று கலீலியோ மறுத்ததற்கு இந்த மெதுவாதலும் ஒரு சான்றாயிற்று. நீங்கள் அளந்த தூரத்தைப் பாதி நாணால் வகுத்து, விடைக்கு நேர்மாறு சைன் (கணிப்பானில் sin⁻¹) எடுத்தால், நடுக்கோட்டிலிருந்து புள்ளி எத்தனை பாகை விலகியுள்ளது என்பது கிடைக்கும்.

பாதி நாண் 77.5 மில்லிமீற்றர் என்று கொள்வோம். முதல் நாள் புள்ளி நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் 60 மில்லிமீற்றரில் இருந்தால் கோணம் 50.7 பாகை. மூன்று நாள் கழித்து அதே பக்கத்தில் 15 மில்லிமீற்றரில் இருந்தால் 11.2 பாகை. வித்தியாசம் 39.5 பாகை, நாளொன்றுக்கு 13.17 பாகை. 360ஐ இதனால் வகுத்தால் 27.3 நாள் வரும்.

இது பூமியிலிருந்து நமக்குத் தோன்றும் காலம். பூமியும் அதே திசையில் சூரியனைச் சுற்றுவதால், கோயில் வீதியை விரைவாக வலம்வருபவர் முன்னே மெதுவாக நடப்பவரை மறுபடி எட்ட ஒரு சுற்றுக்கு மேல் நடக்க வேண்டியிருப்பதுபோல, புள்ளியும் ஒரு சுற்றுக்கு மேல் திரும்பினால்தான் நமக்கு அதே இடத்தில் தெரியும். 27.3ஐ 365.25ஆல் பெருக்கி, அவ்விரண்டின் கூட்டுத்தொகையான 392.55ஆல் வகுங்கள்; உண்மையான சுழற்சிக் காலம் 25.4 நாள் எனக் கிடைக்கும். சூரியனின் சுழற்சிக்கு வானியலாளர் நியம அளவாகப் பயன்படுத்தும் காரிங்டன் காலம் 25.38 நாள்.

விடை எவ்வளவு நம்பத்தக்கது?

மேற்கூறிய உதாரணத்தில் இரண்டாவது அளவு ஒரு மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை அரை நாள் மாறிவிடும். எனவே மூன்று நாளுக்குப் பதிலாக ஆறு நாள் இடைவெளி எடுப்பதும், விளிம்பை ஒட்டிய அளவுகளைத் தள்ளிவிடுவதும் நல்லது. சூரியன் திண்மமாக இல்லாததால், இரு துருவங்களுக்கும் நடுவேயுள்ள மத்தியகோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாளிலும், துருவத்தை அண்டிய பகுதி ஏறத்தாழ 35 நாளிலும் சுற்றுகின்றன. ஆனால் புள்ளிகள் தோன்றும் அகலாங்குகளுக்கிடையே உள்ள ஒரு நாள் அளவிலான வேறுபாட்டை அடிமட்டத்தால் பிரித்தறிய எங்களால் முடியவில்லை. இன்னொரு பிழை, சூரியனின் அச்சு 7.25 பாகை சரிந்திருப்பதால் வருவது. ஆண்டின் பெரும்பகுதியில் அது புள்ளியின் பாதையைச் சற்றே வளைத்துக் காட்டும். ஜூன், டிசம்பர் மாதங்களின் முதல் வாரத்தில் மட்டும் பாதை நேர்கோடாகும். நமது மாரியின் நடுவே வரும் டிசம்பர் முதல் வாரமே இந்த அளவீட்டுக்கு மிகப் பொருத்தமானது என்பதை அறிந்தபோது மாணவர்கள் மழையைத் திட்டுவதை நிறுத்தினார்கள்.

மற்ற நட்சத்திரங்களுக்கு இவ்வழி உதவாது. அவை எந்தத் தொலைநோக்கியிலும் பெரும்பாலும் வெறும் ஒளிப்பொட்டுகளே, நாண் வரைய அங்கே வட்டம் இல்லை. 2009இல் ஏவப்பட்ட கெப்லர் தொலைநோக்கி, 1,50,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் பிரகாசத்தை நான்கு ஆண்டு விடாமல் அளந்தது. ஒரு நட்சத்திரத்தின் கரும்புள்ளி நம்பக்கம் திரும்பும்போது ஒளி சற்றுக் குறைந்து, அது மறுபக்கம் போனதும் மீண்டும் கூடும். அக்குறைவுகளுக்கு இடைப்பட்ட நாட்களை எண்ணியே 34,000 நட்சத்திரங்களின் சுழற்சிக் காலத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள்.