சான்டா கிளாரா கவுண்டி பிரைமரி தேர்தல்: வாக்குச்சீட்டைப் புரிந்துகொண்டு நிரப்புவது எப்படி?

அமெரிக்கக் குடியுரிமை பெற்று, கலிபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் முதன்முறையாக வாக்களிக்க இருப்பவர்களுக்கு, நவம்பர் பொதுத் தேர்தலைவிட அதற்குச் சில மாதங்கள் முன்பு நடக்கும் முதற்கட்டத் தேர்தலான பிரைமரிதான் அதிகக் குழப்பத்தைத் தருகிறது. ஒரே வாக்குச்சீட்டில் அச்சாகும் போட்டிகள் அனைத்தும் ஒரே விதிப்படி முடிவு செய்யப்படுவதில்லை என்பதே அதற்குக் காரணம். எந்த வரிக்கு எந்த விதி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். 2024 மார்ச் 5 அன்று நடந்த பிரைமரியை எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: உங்கள் பதிவைச் சரிபாருங்கள்

அதிபர் தேர்தல் ஆண்டில் பிரைமரி மார்ச்சிலும், ஆளுநர் தேர்தல் ஆண்டில் ஜூனிலும் வரும். தேர்தலுக்கு 15 நாட்களுக்கு முன்பே பெயரைப் பதிவு செய்துவிடுவது நல்லது. அந்தக் கெடு தவறினாலும், வாக்கு மையத்துக்கு நேரில் சென்று அங்கேயே பதிந்து வாக்களிக்கக் கலிபோர்னியாவில் வழி உண்டு.

பதிவைப் பார்க்கும்போது, கட்சி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கட்சியையும் சாராதவர் என்று பதிய நினைத்த பலர், பெயரை மட்டும் பார்த்து, அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி என்ற தனிக் கட்சியின் உறுப்பினராகப் பதிந்திருக்கிறார்கள். கட்சி சாராதவராக இருக்க விரும்பினால் 'நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்' என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 2: போட்டிகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை, அதிபர் வேட்பாளர் தேர்வு. இது கட்சிகளின் உள்விவகாரம். கட்சி சாராதவர்களுக்கு வரும் வழக்கமான சீட்டில் இந்தப் போட்டியே இருக்காது. 2024இல் டெமாக்ரடிக், லிபர்டேரியன், அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் ஆகிய மூன்று கட்சிகளும் கட்சி சாராதவர்கள் கேட்டால் தங்கள் சீட்டைப் பெற அனுமதித்தன. ரிபப்ளிகன் கட்சி அனுமதிக்கவில்லை.

இரண்டாவது வகை, ஆளுநர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), மாநிலச் சட்டமன்றம் போன்ற பதவிகள். 2010இல் மக்கள் ஏற்றுக்கொண்ட 14ஆம் எண் பிரேரணைக்குப் பிறகு, இவற்றில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே பட்டியலில் இடம்பெறுகிறார்கள். எந்தக் கட்சியில் பதிந்தவரும் யாருக்கும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள், ஒரே கட்சிக்காரர்களாக இருந்தாலும், நவம்பருக்குச் செல்வார்கள். ஒருவர் பாதிக்கு மேல் பெற்றாலும் பிரைமரியோடு முடிந்துவிடாது. பெயருக்குக் கீழே உள்ள கட்சிப் பெயர் வேட்பாளர் தாமே தெரிவித்த விருப்பம் மட்டுமே. கட்சி அவரை ஆதரிக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

இந்த வகையில் ஒரு வாக்கின் கனம் என்ன என்பதைக் காங்கிரஸின் 16ஆம் தொகுதி காட்டியது. அதுவரை உறுப்பினராக இருந்த அன்னா எஷூ மீண்டும் போட்டியிடாததால், அந்த இடத்துக்கு 2024 மார்ச்சில் 11 பேர் போட்டியிட்டனர். சாம் லிக்கார்டோ முதலிடம் பிடித்தார். இரண்டாம் இடத்தில் எவன் லோவும் ஜோ சிமிடியனும் ஆளுக்குச் சரியாக 30,249 வாக்குகள் பெற்று நின்றனர். அப்படியே இருந்திருந்தால் மூவரும் நவம்பருக்குப் போயிருப்பார்கள். ஆனால் தொகுதி பரந்திருக்கும் சான்டா கிளாரா, சான் மேட்டியோ ஆகிய இரு கவுண்டிகளிலும் மறு எண்ணிக்கை நடந்தபோது, வெறும் 5 வாக்குகள் கூடுதலாகப் பெற்று லோ முன்னேறினார். பல ஆண்டுகள் மக்கள் பணியில் இருந்த சிமிடியன் வெளியேறினார்.

மூன்றாவது வகை, கட்சிப் பெயரே அச்சாகாத உள்ளூர்ப் பதவிகள்: கவுண்டி மேற்பார்வையாளர், கவுண்டி நீதிமன்ற (சுப்பீரியர் கோர்ட்) நீதிபதி, சான் ஹோசே மேயர் போன்றவை. இங்கே பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவர் பிரைமரியிலேயே வென்றுவிடுவார். மேட் மஹன் 2024இல் மேயர் பதவியை மார்ச்சிலேயே கைப்பற்றினார். நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்த வாக்காளருக்கு அந்தப் போட்டியே கிடைக்கவில்லை. ஆகவே, நேரம் குறைவாக இருந்தால், உள்ளூர்ப் பதவிகள் வரும் சீட்டின் அடிப்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை.

படி 3: கேள்விகளில் 'ஆம்' எதைக் குறிக்கிறது என்று பாருங்கள்

வேட்பாளர்களைத் தவிர, மக்களே நேரடியாக முடிவு செய்ய வேண்டிய கேள்விகளும் சீட்டில் இருக்கும். மாநில அளவிலானவை ப்ராபசிஷன் (பிரேரணை) என்று எண்ணோடும், உள்ளூர் அளவிலானவை மெஷர் என்று எழுத்தோடும் வரும்.

2024 மார்ச்சில் சான்டா கிளாரா நகர வாக்காளர்களிடம் மெஷர் ஏ, மெஷர் பி என்ற இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. காவல் துறைத் தலைவரையும் நகர எழுத்தரையும் மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றி, இனி நியமன முறைக்குப் போகலாமா என்பதே அவற்றின் சாரம். 'ஆம்' என்றால் மாற்றம். 'இல்லை' என்றால் இருக்கும் முறை தொடரும். தேர்தல் முறை பிடித்திருக்கிறது என்று நினைத்து அவசரத்தில் 'ஆம்' போட்டால் எதிரான முடிவுக்கு வாக்களித்தவராவீர்கள். மக்கள் இரண்டையுமே நிராகரித்தார்கள்.

வரி, கடன் பற்றிய கேள்வியென்றால் எவ்வளவு ஆதரவு தேவை என்பதையும் பாருங்கள். பொதுவான வரிக்குப் பாதிக்கு மேல் போதும்; பள்ளிக் கட்டடக் கடன் பத்திரங்களுக்குப் பெரும்பாலும் 55 சதவீதம் வேண்டும்; நகராட்சியோ கவுண்டியோ கொண்டுவரும், குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மாநில அளவிலான கேள்விக்குப் பாதிக்கு மேல் போதும் என்பதால், மனநல மருத்துவ வசதிகளுக்காக 638 கோடி டாலர் கடன் பெற அனுமதி கேட்ட 1ஆம் எண் பிரேரணை, மாநிலம் முழுவதும் சுமார் 50.2 சதவீத ஆதரவோடு மயிரிழையில் நிறைவேறியது.

படி 4: வழிகாட்டி நூலை இந்த வரிசையில் படியுங்கள்

கவுண்டி அனுப்பும் வழிகாட்டியில், உள்ளூர்க் கேள்வி ஒவ்வொன்றுக்கும் அரசு வழக்கறிஞர் எழுதிய நடுநிலை ஆய்வு இருக்கும். முதலில் அதைப் படித்து, பிறகே ஆதரவு, எதிர்ப்பு வாதங்களுக்குச் செல்லுங்கள். வாதங்களின் அடியில் கையெழுத்திட்டிருப்பவர்கள் யார் என்று பார்ப்பது மிகவும் பயன்படும். வேட்பாளர் அறிக்கைகள் அவர்கள் தாமே எழுதித் தருபவை. அவற்றில் உள்ள தகவல் உண்மையா என்று தேர்தல் அலுவலகம் சரிபார்ப்பதில்லை.

படி 5: நிரப்பி, கையெழுத்திட்டு, அனுப்புங்கள்

அஞ்சலில் வரும் சீட்டை நீல அல்லது கறுப்பு மையால் நிரப்புங்கள். எல்லாப் போட்டிகளிலும் வாக்களிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விட்ட இடத்தால் மற்ற வாக்குகள் செல்லாமல் போகாது. திருப்பி அனுப்பும் உறைக்கு அஞ்சல் தலை தேவையில்லை. ஆனால் உறையின் மீது நீங்களே கையெழுத்திட வேண்டும். கணவருக்காக மனைவியோ, பெற்றோருக்காகப் பிள்ளைகளோ போடக் கூடாது. ஊரில் ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் கையெழுத்திடும் பழக்கம் உள்ளவர்கள், பதிவின்போதோ ஓட்டுநர் உரிமத்திலோ போட்டதைப் போலவே இங்கும் போடுங்கள்.

தேர்தல் நாள் இரவு 8 மணி வரை வாக்குப் பெட்டியில் போடலாம். அஞ்சலில் அனுப்பினால் அன்றைய தேதியோ அதற்கு முந்தைய தேதியோ கொண்ட முத்திரை விழுந்தாக வேண்டும் என்பதால், கடைசி நாளில் பெட்டியே பாதுகாப்பானது. 'வேர்ஸ் மை பேலட்' சேவையில் பதிந்துகொண்டால், உங்கள் சீட்டு தேர்தல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததும் குறுஞ்செய்தி வரும். கையெழுத்து பொருந்தவில்லை என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் ஒதுக்கி வைக்காமல், அதனுடன் இருக்கும் படிவத்தில் கையெழுத்திட்டு உடனே திருப்பி அனுப்புங்கள். கெடுவுக்குள் அது சேர்ந்து கையெழுத்தும் ஒத்துப்போனால், உங்கள் வாக்கு எண்ணப்படும்.