முதல் வருட ட்ரிபிள் ஈ, ஈசிஇ பிள்ளைகளுக்கு: எதைப் படிக்கலாம், எதை அளந்து பார்க்கலாம்

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். டிப்ளமோ ட்ரிபிள் ஈ படித்தவன். மேட்டூர் ஜூன் 12 திறக்குமா திறக்காதா என்ற பேச்சு கிளம்பும்போதே கடை வாசலில் பம்புசெட் மோட்டார் குவிய ஆரம்பிக்கும். காலேஜ் திறந்ததும் முதல் வருடப் பிள்ளைகள் வருவார்கள். "அண்ணே, என்ன புக்கு வாங்கலாம், எந்த வீடியோ பாக்கலாம்?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதுதான் இது.

புதுப் புத்தகம் வாங்க ஓட வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருந்தால் போதும். அதில் மின்னோட்டவியல் பாடமும், மின்காந்தத் தூண்டல், மாறுதிசை மின்னோட்டம் பாடமும்தான் சர்க்யூட் பேப்பருக்கு அஸ்திவாரம். தொழிற்கல்விப் பிரிவுக்கு அரசு போட்ட 'அடிப்படை மின் பொறியியல்' புத்தகம் தமிழிலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. இன்ஜினியரிங் படிக்கிறவன் இதைப் படிப்பதா என்று நினைக்காதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஒரு பாடத்தை இதில் முடித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் பாதி பயம் போய்விடும்.

வீடியோவுக்கு என்பிடெல். ஐஐடி, ஐஐஎஸ்சி பேராசிரியர்களின் பாடங்கள், பார்ப்பது இலவசம். சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். வேகம் பிடிபடவில்லை என்றால் 0.75-ல் ஓட விடுங்கள். எம்ஐடியின் சர்க்யூட் வகுப்பும் இணையத்தில் இலவசம்தான். நடத்துபவர் சென்னை ஐஐடியில் படித்த அனந்த் அகர்வால். நல்ல வகுப்பு, ஆனால் அதை இரண்டாம் செமஸ்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாடத்துக்கு நாலு பேர் வீடியோவைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நாலையும் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போடத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் நிறைய.

சிமுலேட்டரில், அதாவது சர்க்யூட்டைத் திரையிலேயே போட்டுப் பார்க்கும் மென்பொருளில், முதலில் ஃபால்ஸ்டாட். செல்போன் பிரவுசரிலேயே ஓடும், கரண்ட் ஓடுவதை நகரும் புள்ளிகளாகக் காட்டும். எல்டிஸ்பைஸும் இலவசம்தான், ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை. புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன போர்டான அர்டுயினோ மேல் ஆசை இருப்பவர்களுக்கு டிங்கர்கேட்.

இதெல்லாம் திரையில் நடப்பது. கூடவே ஒரு மல்டிமீட்டரும், சால்டர் வைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டும், கொஞ்சம் ரெசிஸ்டரும், 9 வோல்ட் பேட்டரியும் வாங்குங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ எந்த எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். மீட்டர் விலை குறைந்த மஞ்சள் மீட்டராக இருந்தாலே போதும். ஏன் என்று சொல்கிறேன்.

1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு, இரு முனைக்கும் 9 வோல்ட் கொடுங்கள். நடுவில் 4.5 வர வேண்டும். ஃபால்ஸ்டாட்டும் 4.5 என்றுதான் சொல்லும். கீழ் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மஞ்சள் மீட்டரை வைத்தால் 3 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். பேட்டரி டவுன், மீட்டர் டூப்ளிகேட் என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டும் இல்லை. அந்த மாதிரி மீட்டர்களுக்கு உள்ளேயே சுமார் 1 மெகா ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்கிறது. நீங்கள் அளக்கும் ரெசிஸ்டருக்கு இணையாக அதுவும் சேர்ந்துகொள்வதால் கீழ்ப்பாதி அரை மெகா ஓம் ஆகிவிடுகிறது. 9-ல் மூன்றில் ஒரு பங்கு, 3 வோல்ட். சிமுலேட்டரில் மீட்டர் வைத்த இடத்தில், கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக இன்னொரு 1 மெகா ஓம் போட்டுப் பாருங்கள், அங்கேயும் 3 வந்துவிடும். அதே சர்க்யூட்டில் 1 கிலோ ஓம் இரண்டைப் போட்டால் மீட்டர் ஒழுங்காக 4.5 காட்டும். பேரலல் ரெசிஸ்டன்ஸ், வோல்டேஜ் டிவைடர், லோடிங் எல்லாம் இந்த ஒரு சோதனையிலேயே வந்துவிட்டது. 10 மெகா ஓம் உள்ள நல்ல மீட்டராக இருந்தால் 4.3 அளவில் காட்டியிருக்கும், நீங்களும் சரிதான் என்று விட்டிருப்பீர்கள்.

கரண்ட் அளக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. ஆம்பியர் ஓட்டையில் ஒயர் இருக்கும்போது மீட்டரை பேட்டரிக்கு நேராக வைத்தால் அது ஷார்ட். வீட்டு பிளக்கில் முதல் வருடம் முழுக்க மீட்டரைச் செருகவே வேண்டாம். பழைய எல்இடி பல்பைப் பிரித்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

மெஷின்ஸ் பாடத்துக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை, வயலுக்கு வயல் லேப்தான். பம்புசெட் கொட்டகைக்குப் போய் நேம் பிளேட்டை போட்டோ எடுங்கள். மோட்டாரைத் தொட வேண்டாம். 5 ஹெச்பி, 415 வோல்ட், 7.5 ஆம்பியர், 1440 ஆர்பிஎம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது மூன்று ஃபேஸ் மோட்டார், அதனால் ரூட் மூன்று, அதாவது 1.732-ஐ 415-ஆலும் 7.5-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 5390 விஏ (வோல்ட்-ஆம்பியர்). அதில் நிஜமாக வாட்டாகும் பங்கான பவர் ஃபேக்டர் 0.8 என்றால் உள்ளே போவது 4310 வாட். 5 ஹெச்பி என்பது 3730 வாட். வகுத்தால் எஃபிஷியன்ஸி 86 சதவீதத்துக்கு மேல். 50 ஹெர்ட்ஸில் நாலு போல் மோட்டாருக்கு சிங்க்ரனஸ் வேகம் 1500, தகட்டில் 1440. ஆக ஸ்லிப், அதாவது வேகம் பின்தங்கும் அளவு, 4 சதவீதம். பரீட்சையில் வரும் இண்டக்ஷன் மோட்டார் கணக்கும் இதே கணக்குதான், எண்தான் வேறு. பக்கத்துக் கொட்டகைத் தகட்டில் எண் வேறாக இருக்கும், அதையும் போடுங்கள்.

கடைசியாக டேட்டாஷீட், அதாவது ஒரு பாகத்தின் அளவுகளையும் கால் அமைப்பையும் சொல்லும் கம்பெனித் தாள். இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை, கம்பெனிகள் இலவசமாகத்தான் போட்டிருக்கின்றன. 1என்4007 டயோடில் ஆரம்பியுங்கள். 1 ஆம்பியர், 1000 வோல்ட் என்ற இரண்டு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தால் முதல் நாளுக்குப் போதும். அடுத்து பிசி547 டிரான்சிஸ்டர். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இதை மனப்பாடம் செய்து எல்லா டிரான்சிஸ்டருக்கும் போட்டுவிடாதீர்கள். பிஎன்2222ஏ அதே உருவம், ஆனால் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழ். முன்னால் 'பி2என்' என்று இருக்கும் 2222ஏ மறுபடியும் பிசி547 மாதிரி. இந்த மூன்றும் என்பிஎன் வகை. இந்த வகையில் டேட்டாஷீட் கையில் இல்லாத நேரத்தில், பேஸ் எதுவென்று தெரிந்தால் போதும். மீட்டரை டயோடு குறியில் வைத்து, சிவப்பு முனையை பேஸில் வைத்து மற்ற இரண்டு காலையும் அளங்கள். இரண்டிலும் 0.6, 0.7 வோல்ட் அளவில் வரும். இம்மி கூடுதலாகக் காட்டும் கால்தான் எமிட்டர்.