கற்பனைத் தாவரம் ஒன்றைப் பரிணமிக்கச் செய்வது எப்படி?

கற்பனைத் தாவரத்தைப் படைக்கத் தொடங்குவோர் பலரும் முதலில் பூவின் நிறத்தையும் இலையின் வடிவத்தையும் முடிவு செய்துவிடுகின்றனர். அவ்விரண்டும் கடைசியில் வரட்டும். வாழிடத்தில் எது குறைவு என்ற கேள்வியிலிருந்துதான் நம்பத்தகுந்த தாவரம் உருவாகும்.

படி 1: பற்றாக்குறையைத் தேர்ந்தெடுங்கள்.
கெண்டித் தாவரங்கள் பூச்சிகளைப் பிடிப்பதற்கு அவை வளரும் மண்ணில் நைட்ரஜன் குறைந்திருப்பதே காரணம். நம் எடுத்துக்காட்டுக்கு, தென்மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நமீப் பாலைவனத்தின் கடலோரத்தைப் போல மழை அரிதாகவும் மூடுபனி அடிக்கடியும் வரும் பாறைச்சரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

படி 2: மூதாதையை முடிவு செய்யுங்கள்.
பரிணாமம் ஏற்கெனவே உள்ள உறுப்பையே மாற்றிப் பயன்படுத்துகிறது. சப்பாத்திக்கள்ளியின் முள் கூட உருமாறிய இலைதான். நம் மூதாதை, கடும் வெயிலைத் தணிக்கும் மென்தூவிகளை (மெல்லிய மயிர்களை) இலைமீது கொண்ட ஒரு சிறு செடி.

படி 3: இடைநிலைகளை எழுதுங்கள்.
இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். இயற்கைத் தேர்வுக்கு எதிர்கால நோக்கம் கிடையாது என்பதால், ஒவ்வொரு சிறு மாற்றமும் அது தோன்றிய காலத்திலேயே செடிக்குப் பயன் தந்திருக்க வேண்டும். தூவிகள் சற்றே நீண்டிருந்த செடிகளில் பனித்துளிகள் கூடுதலாகப் படிந்தன. அவற்றுள்ளும் இலை லேசாகக் குழிந்திருந்தவை அந்நீரைத் தம் வேரடிக்கே வழியவிட்டதால், வறண்ட ஆண்டுகளிலும் விதை ஈன்றன. பல்லாயிரம் தலைமுறைகளில் அந்தக் குழிவு ஆழமான நீர்வடிகாலாகவும், வேர்கள் மேற்பரப்பை ஒட்டிப் படரும் வலையாகவும் மாறின.

படி 4: விலையைக் கணக்கிடுங்கள்.
அடர்ந்த தூவிகள் ஒளியைக் குறைக்கின்றன. நீரிழப்பைத் தவிர்க்க இலைத்துளைகளை இரவில் மட்டும் திறந்து, கார்பன் டைஆக்சைடை அமிலமாகச் சேமித்துப் பகலில் பயன்படுத்தும் முறையை இச்செடிக்கு அளித்தால், அதன் வளர்ச்சி மேலும் மெதுவாகும்.

படி 5: துணை உயிரினத்தைச் சேருங்கள்.
மடகாஸ்கரில் வளரும் ஓர் ஆர்க்கிட் மலரின் ஏறத்தாழ 30 செ.மீ. நீளத் தேன்குழலைக் கண்ட டார்வின், அதற்கேற்ற நீள்நாக்கு விட்டில் (அந்துப்பூச்சி) ஒன்று இருக்க வேண்டும் என்று 1862இல் எழுதினார். அத்தகைய விட்டில் 1903இல் விவரிக்கப்பட்டது. நம் செடியின் பூ அந்தியில் விரியும் வெண்ணிறப் பூவாக இருந்தால், இரவில் பறக்கும் விட்டில் அதற்குப் பொருந்தும்.

படி 6: இடம் மாற்றிச் சோதியுங்கள்.
உங்கள் செடியை மழைக்காட்டில் நட்டுப் பார்ப்பதாக எண்ணுங்கள். விரைந்து வளரும் அண்டைச் செடிகளின் நிழலில் அது தோற்க வேண்டும். அங்கும் செழித்தால், நான்காம் படியில் ஏதோ ஒரு விலை விடுபட்டிருக்கிறது.