பிளாக் போட்ட தோள்: புது பிசியோக்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த பையன் ஒரு அம்மாவை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் மயக்கம் கொடுத்து, இறுகிக் கிடந்த தோளை டாக்டர் அசைத்து விடுவித்திருந்தார். கழுத்தோரம், தோளுக்குப் போகும் நரம்புகளை மரக்க வைக்கும் பிளாக் ஊசியும் போட்டாயிற்று. கை மரத்துத் தொங்குகிறது, அந்த அம்மா முகத்தில் சிரிப்பு. பையன் சொன்னான்: "வலி வந்தா இந்த மாத்திரையப் போட்டுக்கங்கம்மா."

பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம்.

இப்படித் தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டர் யாருக்கு வரும், எந்த அசைவு முதலில் போகும் என்பதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

"வலி வந்தால் போடுங்கள்"

திருப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு தையல்கார அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை உண்டு. எட்டு மாதமாகத் தலை பின்னிக்கொள்ளக்கூட மகளைக் கூப்பிட வேண்டிய நிலை. காலை 10 மணிக்குத் தோளை விடுவித்தார்கள். மேசையில் படுத்திருந்தபோது கை 150 டிகிரி வரை மேலே போனது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பினார். வலி இல்லை, அதனால் மாத்திரை போடவில்லை. சாப்பிட்டார், தூங்கினார். ராத்திரி ஒன்றரைக்கு மகள் போன் பண்ணினாள். அவள் பேசியதைவிட அம்மா அழுததுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கணக்கு ரொம்பச் சின்னது. பிளாக்கில் பியூபிவகெயின், ரோபிவகெயின் மாதிரியான மரப்பு மருந்தை ஒரே ஊசியாகப் போட்டால் சுமார் 8 முதல் 18 மணி நேரம் தாங்கும். காலையில் போட்டது சாயங்காலத்துக்கும் விடிகாலைக்கும் நடுவில் விட்டுவிடும். பலருக்கு அது வீடே தூங்கும் நேரம். சிலருக்கு மெல்ல மெல்ல விடாது, மடை திறந்த மாதிரி வலி வரும். ரீபவுண்ட் பெயின் என்று சொல்வது இதைத்தான். அப்போது எழுந்து மாத்திரையைத் தேடி விழுங்கினாலும் அது வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்.

ஒரு ராத்திரி வலியோடு முடிந்திருந்தால் நான் இத்தனை வருடம் கழித்தும் எரிச்சல்பட மாட்டேன். அந்த அம்மா மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. கையை அசைத்தால் அந்த வலி திரும்பிவிடும் என்று பயந்து, முந்தானைக்குள் உடம்போடு ஒட்டிக் கட்டிக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து வந்தபோது கை 90 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. மயக்கத்துக்கும் தியேட்டருக்கும் கட்டிய பணம், கடையைப் பூட்டிய நாட்கள், எல்லாவற்றிலும் பாதி வீண். விடுவித்த மூட்டுறை, அதாவது மூட்டைச் சுற்றியிருக்கும் உறை, மறுபடி இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதே அந்த முதல் சில நாட்களில்தான். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. "வலி வந்தாத்தானே போடச் சொன்னீங்க தம்பி" என்றார்.

எந்த மாத்திரை, எவ்வளவு என்பது டாக்டரின் முடிவு. சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அதில் நாம் கை வைக்கவே கூடாது. நேரத்தை மட்டும் அவரிடம் கேட்டு வாங்கி, புரியும்படி சொல்வது நம் வேலை. முதல் மாத்திரை கை மரத்திருக்கும்போதே, படுக்கும் முன்னால். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு மணி பார்த்து. நான் சீட்டின் தலையில் சிவப்பு மையில் "வலி இல்லாவிட்டாலும், ராத்திரி 9" என்று எழுதி, கூட வந்தவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ராத்திரி வலிக்கலாம், வலித்தால் தோள் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். தெரிந்து வரும் வலிக்கு மனிதர்கள் அவ்வளவு பயப்படுவதில்லை.

சுண்டுவிரலை நம்புவது

"சுண்டுவிரல் அசையுது, மருந்து விட்டுடுச்சு சார்" என்பார்கள். கழுத்தோரம் போடும் இன்டர்ஸ்கேலின் பிளாக்கில் சுண்டுவிரல் பக்கம் பெரும்பாலும் மரக்கவே மரக்காது. தோளுக்குக் கீழே புஜத்தில் தொட்டுப் பாருங்கள், முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கம் போடும் சுப்ராஸ்கேபுலர் பிளாக் என்றால் விரல் எதுவுமே மரக்காது. அந்த நரம்பு தோள் மூட்டு உணர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத்தான் சுமக்கிறது. மிச்ச வலி இருந்தால் ஊசி தப்பு என்று நினைக்க வேண்டாம். எந்த பிளாக் என்று கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மரத்திருக்கிறதே என்று கையை அழுத்தித் தள்ளுவது

மரத்த கை "போதும்" என்று சொல்லாது. எலும்பு தேய்ந்த அம்மாக்களுக்குப் புஜ எலும்பு முறியும். டாக்டர் சொன்ன எல்லைக்குள் மெதுவாக அசையுங்கள்.

வெந்நீர்ப் பை

உணர்ச்சி திரும்பும்வரை கூடாது. கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

சர்க்கரை

ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் சில நாள் ஏறும். வீட்டில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூச்சு

இன்டர்ஸ்கேலின் பிளாக், மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் அந்தப் பக்கம் மரக்க வைக்கும். இமை கொஞ்சம் தொங்கலாம், குரல் கம்மலாம். மருந்து விட்டதும் சரியாகும். ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் போனில் ஆறுதல் சொல்லாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி.

ஸ்லிங்

கையைத் தாங்கும் இந்தத் துணிப்பட்டை கை மரத்திருக்கும்வரை மட்டும். மறுநாள் காலையில் நானே கழற்றி மேசை டிராயரில் போட்டுவிடுவேன். கையில் கொடுத்தால் பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.